விரல் இல்லாத முப்பத்தேழு பையன்கள்

உறையூரில் பழைய புகையிலைக் கிடங்கு ஒன்று இருந்தது. அதற்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கம்பி வைத்து, 'சிறுவர் காப்பு இல்லம்' என்று ஒரு போர்டும் மாட்டினார்கள். போர்டை யார் படித்தது? ஊருக்கு அது 'சின்ன ஜெயில்'தான். திருடினது, வீட்டை விட்டு ஓடினது, டிக்கெட் இல்லாமல் ரயிலேறினது என்று பிடிபட்ட பையன்களைக் கோர்ட்டு அங்கேதான் அனுப்பும். எத்தனை தடவை வெள்ளையடித்தும் புகையிலை நெடி மட்டும் போகவே இல்லை. மழைக்காலத்தில் பையன்கள் தும்மித் தும்மி வாய்ப்பாடு சொல்வார்கள்.

அந்தத் தும்மலுக்கு நடுவே பதினெட்டு வருஷம் பாடம் நடத்தியவர் இருதயநாதன் மாஸ்டர். ஐம்பத்தொன்றில் சேர்ந்து அறுபத்தொன்பதில் ஓய்வு பெற்றார். பாலக்கரையில் வாடகை வீடு, கூப்பிடு தூரத்தில் மாதா கோயில், மனைவி சவேரியம்மாள், மூன்று பிள்ளைகள், ஒரு சைக்கிள். கோயில் பேண்டு செட்டில் பெரிய டிரம் அவருடையது. தேர் பவனி அன்றைக்கு டிரம்மை வயிற்றில் கட்டிக்கொண்டு அவர் போடுகிற போட்டில் தெரு நாய்கள் ஜங்ஷன் வரைக்கும் ஓடும் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தால் போதும், மனுஷர் ராஜா. "எனக்கென்னப்பா குறை?" என்று அவர் கேட்காத நாள் கிடையாது. நிஜமாகவே குறையில்லாத மனுஷர்தான்.

கொஞ்சம் தற்பெருமை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையே இல்லை. அவருடைய பெருமையெல்லாம் பையன்களின் ஒழுங்கில் இருந்தது. அவர் சேர்ந்த புதிதில் பையன்கள் வரிசையில் நின்றால் ஒருத்தன் ஒருத்தனைக் கிள்ளுவான், அவன் இன்னொருத்தன் டிராயரைப் பிடித்து இழுப்பான், கடைசியில் வரிசை மல்லுக்கட்டில் முடியும். மாஸ்டர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பெரியவர்கள் யார் வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சும்மா கட்டினால் போதாது. இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே போட்டு, விரல் அத்தனையும் அக்குளுக்குள் ஒளிந்துவிட வேண்டும். ஒரு சுண்டுவிரல் வெளியே எட்டிப் பார்த்தாலும் "டேய், அந்த விரல் யாருக்குக் காத்துக்கிட்டிருக்கு?" என்று கேட்பார். அடிக்க மாட்டார். கேட்கிற கேள்வியிலேயே விரல் உள்ளே போய்விடும்.

ஒரு மாதத்தில் கிள்ளல் நின்றது. மெட்ராஸிலிருந்து பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், "என்னய்யா இது, மிலிட்டரி மாதிரி இருக்கு!" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், அடுத்த மூன்று வாரம் பாலக்கரையில் அந்த மிலிட்டரியைப் பற்றிக் கேட்காத காது இல்லை. கறிக்கடைக்காரர்கூட, "மாஸ்டர், மிலிட்டரி கதை ஏற்கெனவே கேட்டாச்சு, எலும்பா தனிக்கறியா, அதைச் சொல்லுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். பெயர் சடகோபன். நெற்றியில் பளிச்சென்று திருமண், கக்கத்தில் கனமான இங்கிலீஷ் புத்தகங்கள், வெயிலில் வெந்த முகத்தில் ஒரு குழந்தைச் சிரிப்பு. காலேஜில் மனசாஸ்திரம் நடத்துகிறவர். பையன்கள் ஏன் கெட்டுப்போகிறார்கள், அவர்கள் மனசுக்குள்ளே என்னதான் இருக்கிறது என்று ஆராய்ச்சி பண்ண சர்க்கார் அனுமதி கொடுத்திருந்தது.

"மாஸ்டர், இந்தப் பசங்களைக் கெட்டவான்னு சொல்றதுக்கு எனக்கு மனசு வரலை" என்றார் முதல் நாளே. "உடம்புக்குச் சீக்கு வராப்பல மனசுக்கும் வரும். அது என்னன்னு கண்டுபிடிச்சா மருந்து குடுக்கலாம். நீங்கதான் எனக்கு ஒத்தாசை பண்ணணும்."

இப்படி மரியாதையாக ஒருத்தர் கேட்டால் இருதயநாதன் உருகிப்போவார். அன்றிலிருந்து பேராசிரியருக்கு அவர்தான் வலது கை. ஒவ்வொரு பையனையும் கூப்பிட்டு உட்கார வைப்பது, கேள்விகளைப் பையன்களுக்குப் புரிகிற தமிழில் கேட்பது, பதிலை எழுதுவது எல்லாம் அவர் பாடு. அப்பா குடிப்பாரா, அம்மா அடிப்பாங்களா, கனவில் என்ன வரும், தனியாக இருக்கப் பயமா என்று பட்டியல் நீளும். கடைசியில் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்து, "ஒரு பையன் படம் போடு" என்று சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்தே மனசைப் படித்துவிடலாம் என்று புத்தகத்தில் இருந்ததாம்.

நாற்பத்திரண்டு பையன்களும் போட்டார்கள். சடகோபன் படங்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஒவ்வொன்றாகக் குனிந்து குனிந்து பார்த்தார். திடீரென்று ஒரு துள்ளுத் துள்ளினார்.

"மாஸ்டர்! நன்னா பாருங்கோ. கை எங்கே?"

மாஸ்டர் பார்த்தார். தலை இருந்தது, காது இருந்தது, சட்டைப் பொத்தான்கூட இருந்தது. தோளிலிருந்து இரண்டு கோடு கிளம்பி மார்பில் பெருக்கல் குறி மாதிரி ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு அப்படியே முடிந்துபோயிருந்தது. உள்ளங்கை இல்லை, விரல் இல்லை. எண்ணிப் பார்த்தார்கள். முப்பத்தேழு படத்தில் இதே கதை.

"திருடின கை, பாத்தேளா?" என்றார் பேராசிரியர், குரல் தழுதழுக்க. "வெளியிலே காட்டக் கூசறது. குத்தம் பண்ணினோம்னு உள்ளுக்குள்ளே அரிச்சுண்டே இருக்கு. அதான் பெருக்கல் குறி போட்டுத் தன் கையையே அடிச்சுட்டான். வெளிநாட்டுக்காரா புஸ்தகத்துல நூத்துக்குப் பத்துப் பேருக்கு இப்படி வருதுன்னு போட்டிருக்கா. இங்கே நாப்பத்திரெண்டு பேர்ல முப்பத்தேழு! பெருமாளே! எத்தனை துக்கம் இந்தக் குழந்தைகளுக்கு!"

இருதயநாதனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்து அறையில் இருக்கிற பையன்களின் மனசுக்குள் இவ்வளவு இருக்கிறதா? எட்டு வருஷமாகத் தினமும் பார்க்கிறோமே, தெரியவில்லையே என்று நெகிழ்ந்துபோனார். அதற்கு மேல் சடகோபன் இன்னொன்று சொன்னார்: "இதை ஒரு தனி அத்தியாயமா எழுதப் போறேன். புஸ்தகமா அச்சாகும். உங்க பேரும் அதுல வரும், மாஸ்டர்." அடேயப்பா! இங்கிலீஷ் புத்தகத்தில் இருதயநாதன் பெயர்! அன்றைக்குச் சாயங்காலம் அவர் சைக்கிள் மிதித்ததா, பறந்ததா என்று அவருக்கே தெரியாது.

அந்த முப்பத்தேழில் ஒன்று தங்கையன் போட்ட படம்.

தங்கையனுக்குப் பன்னிரண்டு வயசு. சமயபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா இல்லை. அம்மா காளியாயி கோயில் வாசலில் வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் விற்கிறவள். அவன் செய்த குற்றம் இதுதான்: பங்குனி மாசம் கோயிலில் ஒரு பெரியவர் முடி இறக்க உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். பையன் அந்தச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான். முட்டிக்குக் கீழே தொங்குகிற சட்டையோடு கடைத்தெருவில் பெருமிதமாக நடந்தவனைப் பிடிக்கப் போலீஸா வேண்டும்? வளையல் கடைக்காரரே பிடித்துவிட்டார். சட்டைப் பையில் ஒரு கைக்கடிகாரம் இருந்தது. அங்கேதான் விஷயம் பெரிசாகிப்போனது. "சட்டை மட்டுந்தான் எடுத்தேன், கடியாரம் அதுவா வந்துச்சு" என்றான். அதற்கப்புறம் யார் கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை. இல்லத்துக்கு வந்தும் பேச்சு இல்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவான். கிணற்றடியில் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பான்.

காளியாயி மகனை வீட்டுக்கு அனுப்பும்படி மனு போட்டிருந்தாள். அதை விசாரிக்க வரப்போகிற வியாழக்கிழமை மாஜிஸ்திரேட் வருவதாக இருந்தது. பேராசிரியரின் அறிக்கையையும் அவர் கேட்டிருந்தார். சடகோபன் நல்ல எண்ணத்தோடுதான் எழுதினார்: பேச்சில்லை, சாப்பாடில்லை, கையில்லாத படம். இந்தப் பையனுடைய மனசு ரொம்ப அடிபட்டிருக்கிறது, வீட்டுக்கு அனுப்பக்கூடாது, மெட்ராஸில் மனநல ஆஸ்பத்திரியில் ஒரு வருஷமாவது வைத்துப் பார்க்க வேண்டும். அறிக்கையை அழகான கையெழுத்தில் நகலெடுத்தது இருதயநாதன்.

சனிக்கிழமை சாயங்காலம் மாஸ்டர் மிச்சமிருந்த வெள்ளைத்தாள் கொஞ்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மறுநாள் பூசை முடிந்து, கறிக்குழம்பு அடுப்பில் கொதிக்கிற நேரத்தில், பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டார். மூத்தவன் பிரகாசம், நடுவில் ஜெயராணி, கடைக்குட்டி செபஸ்தி. மூத்ததுக்குப் பதினொன்று, கடைசிக்கு ஐந்து.

"ஆராய்ச்சி பண்ணப் போறேன். ஆளுக்கு ஒரு படம் போடுங்க பாப்போம்" என்றார், சடகோபன் குரலிலேயே. மகனை ஒரு பையன் போடச் சொன்னார், மகளை ஒரு பொண்ணு போடச் சொன்னார், குட்டியிடம் "நீ என்ன வேணும்னாலும் போடு" என்றார். நல்ல வீட்டுப் பிள்ளைகளுக்குக் கை எப்படி வருகிறது என்று பார்த்து வைத்தால் பேராசிரியர் சந்தோஷப்படுவார் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

பிரகாசம் கொண்டுவந்து கொடுத்தான். மாஸ்டர் வாங்கிப் பார்த்தார். தலை, காது, சட்டைப் பொத்தான். மார்பில் பெருக்கல் குறி. விரல் இல்லை. ஜெயராணி படத்தை அவசரமாக வாங்கினார். இரட்டைச் சடை, ரிப்பன், பாவாடையில் பூ. மார்பில் பெருக்கல் குறி. செபஸ்தியின் படத்தில் மட்டும் ஒரு ஆசாமி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான், ஒரு கையில் ஏழு விரல், இன்னொன்றில் ஒன்பது.

"சேசுவே!" என்றார் மாஸ்டர். "சவேரி! இங்கே ஓடி வா. நம்ம பிள்ளைங்க என்னமோ குத்தம் பண்ணியிருக்குங்க. மனசுல வச்சு அரிச்சுக்கிட்டிருக்குங்க!"

சவேரியம்மாள் கரண்டியும் கையுமாக வந்தாள். படங்களைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், கரண்டியிலிருந்து குழம்பு தரையெல்லாம் சொட்டிற்று.

"என்ன சிரிப்பு? நான் எவ்வளவு பெரிய விஷயம் சொல்றேன்!"

"பெரிய விஷயத்தைக் கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்க" என்றாள். "எதிரே எப்படி நிக்குதுங்க?"

மாஸ்டர் தலையைத் தூக்கினார். பிரகாசமும் ஜெயராணியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு கையும் மார்புக்குக் குறுக்கே. விரல் அத்தனையும் அக்குளுக்குள். செபஸ்தி மட்டும் ஒரு கையை வாயிலும் ஒரு கையை மூக்கிலும் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இன்னும் பயிற்சி ஆரம்பிக்கவில்லை.

"நீங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சா அதுங்க இப்படித்தாங்க நிக்குது. பையன் படம் போடுன்னா, நிக்கிற மாதிரிதானே போடும்? மறைச்சு வச்ச விரலை எங்கேருந்து கொண்டாந்து போடும்?" என்று சொல்லிவிட்டுச் சவேரியம்மாள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்றைக்குக் கறிக்குழம்பு அவருக்கு இறங்கவில்லை. தூக்கமும் வரவில்லை. பிள்ளைகள் இரண்டும் தன் எதிரில் அப்படி நிற்பதை இத்தனை நாள் பார்த்துப் பார்த்துப் பூரித்தவர், அன்றைக்குத்தான் பெற்ற பிள்ளைகள் கைதி மாதிரி நிற்கிறதே என்று வருத்தப்பட்டார். வருத்தத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது. முப்பத்தேழு பையன்களுக்குக் கையில்லாமல் போனதற்கு மனசு காரணமில்லை, மனநோய் காரணமில்லை. காரணம் இருதயநாதன். அவர் சொல்லிக்கொடுத்து, அவர் பெருமையடித்து, அவரே அழகான கையெழுத்தில் நகலும் எடுத்துவிட்டார். வியாழக்கிழமை தங்கையனை மெட்ராஸுக்கு ஏற்றிவிடுவார்கள்.

சொல்லிவிடலாம். சொன்னால் அத்தியாயம் போய்விடும். புத்தகத்தில் பெயர் போய்விடும். அதைவிட, 'என் மிலிட்டரி வித்தைதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம்' என்று நாலு பெரிய மனுஷர்கள் முன்னால் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். தற்பெருமைக்காரனுக்கு அது எப்படி எரியும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டாம். ஞாயிறு முழுக்க மனுஷர் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பிரகாசம் எழுந்து கையைக் கட்டப் போனான். "உக்காருடா, உக்காந்து சாப்பிடு" என்றார். அந்தக் குரலைக் கேட்டதுமே சவேரியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது, இவர் சொல்லிவிடுவார் என்று.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லாப் பையன்களுக்கும் தாளும் பென்சிலும் கொடுத்தார். "இன்னிக்கு உங்க அம்மாவைப் போடுங்கடா. அம்மா இல்லாதவன் சின்னம்மாவையோ அத்தையையோ, சோறு போட்டவங்க யாரையாவது போடு" என்றார். அப்புறம் பென்சில் சத்தம்தான் கேட்டது. ஒருத்தன் அம்மா முறத்தில் புடைத்தாள், ஒருத்தன் அம்மா துடைப்பத்தை ஓங்கினாள், ஒருத்தன் அம்மா பீடி சுற்றினாள். எங்கே பார்த்தாலும் கை! உடம்பு தீக்குச்சி மாதிரி இருக்கிறது, கை மட்டும் வாழை இலை அகலத்துக்கு இருக்கிறது. தங்கையன் படத்தைக் கடைசியாக வாங்கினார். வாங்கினவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அதை மடிக்காமல் ஒரு புத்தகத்துக்குள் வைத்தார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மாஜிஸ்திரேட் நஜிமுதீன் வந்தார். பட்டுத்துணிக் கடை வைத்திருந்த குடும்பம், பெரிய கடைத்தெருக்காரர். சிரிக்காமலே பேசுவார், கேட்கிறவனுக்குத்தான் சிரிப்பு வரும். அறையில் சடகோபன், இல்லத்துச் சூப்பிரண்டு பெரியண்ணன், கதவோரம் அட்டெண்டர் காஜா மைதீன். மாஜிஸ்திரேட் அறிக்கையைப் படித்து முடித்து, பேனாவின் மூடியைத் திறந்தார்.

"ஐயா, ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார் இருதயநாதன்.

சொன்னார். அக்குள் வித்தை, மெட்ராஸ் அதிகாரி, தன் பிள்ளைகள் போட்ட படம், எல்லாவற்றையும் சொன்னார். அம்மா படங்களை மேஜைமேல் வைத்தார். சடகோபனுக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாள் உழைப்பு இல்லையா?

"மாஸ்டர், அவசரப்படாதீங்கோ" என்றார். "அம்மான்னா யாருக்கும் கை ஞாபகம் வரும். அன்னம் போடற கை. அதை வச்சுண்டு முப்பத்தேழு படத்தையும் தள்ளிட முடியுமா? கை கட்டிண்டா மட்டும் படத்துல இப்படி வந்துடுமா?"

இருதயநாதனுக்கு இங்கிலீஷ் புத்தகத்தோடு வாதாடத் தெரியாது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, இந்த நிமிஷம் யாராவது என்னைப் படம் போட்டா, எனக்குக் கை எங்கே வரும்?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். மாஜிஸ்திரேட் முன்னால் இருதயநாதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு கையும் மார்பில் பெருக்கல் குறி. விரல் ஒன்றுகூட வெளியே இல்லை. கதவோரம் காஜா மைதீன், அதே பெருக்கல் குறி. மாஜிஸ்திரேட்டின் கண் மெல்ல நகர்ந்து சூப்பிரண்டு பெரியண்ணனிடம் போயிற்று. பெரியண்ணன் சட்டென்று கையைக் கீழே இறக்கி, அதை என்ன செய்வதென்று தெரியாமல் மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார். அது மாஜிஸ்திரேட்டுக்கு வைத்திருந்த தண்ணீர்.

"சூப்பிரண்டு சார், நீங்க என்ன திருடினீங்க?" என்றார் நஜிமுதீன், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

சடகோபன்தான் முதலில் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எங்காத்துக்கு ஆசார்யன் எழுந்தருளினா நானும் கை கட்டி, வாய் பொத்தி இப்படித்தான் நிப்பேன்" என்றார். "எத்தனையோ புஸ்தகம் பாத்தேன், என்னை ஒரு தடவை பாத்துக்கலை. மாஸ்டர், ரொம்ப உபகாரம்." தன் அறிக்கையைத் தானே எடுத்து இரண்டாக மடித்து வேட்டி மடியில் செருகிக்கொண்டார். அந்த ஒரு காரியத்துக்காக இருதயநாதன் கடைசிவரைக்கும் அவரை மகான் என்றே சொல்லிவந்தார்.

"அது சரி" என்றார் மாஜிஸ்திரேட். "கை விஷயம் புரிஞ்சுது. ஆனா பையன் பேசலை, சாப்பிடலைன்னும் இருக்கே. அதையும் பாக்கணும் இல்லையா? கூப்பிடுங்க."

தங்கையன் வந்தான். வந்ததும் கையைக் கட்டினான்.

"கையை இறக்குப்பா" என்றார் மாஜிஸ்திரேட். கைகள் இறங்கின. இருக்க இடம் தெரியாமல் இரண்டும் டிராயர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டன. மாஜிஸ்திரேட் அவன் போட்ட அம்மா படத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு பொம்பளை நடந்துகொண்டிருந்தாள். அவள் கை தலையை விடப் பெரிசு. அந்தக் கையில் ஒரு காது. காதோடு சேர்ந்து ஒரு பையன் சாய்ந்து சாய்ந்து போனான். அந்தப் பையனுக்கும் கை இருந்தது. இரண்டு கையாலும் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். பத்து விரலும் சரியாக இருந்தன.

"யாருப்பா இது?"

இருதயநாதனுக்கு நெஞ்சு டிரம் மாதிரி அடித்துக்கொண்டது. மாதாவே, இவன் வாயைத் திற என்று வேண்டிக்கொண்டார்.

"எங்கம்மா" என்றான் தங்கையன். "காதைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போவுது."

"வலிக்குமா?"

"வலிக்குங்க."

"அப்புறம்?"

"அப்புறம் வீடு வந்துரும்."

நஜிமுதீன் படத்தை மேஜைமேல் வைத்தார். "ஏம்ப்பா, இங்கே யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறியாமே?"

"வாயைத் தொறந்தா அழுவாச்சி வருதுங்க" என்றான் பையன். சொல்லும்போதே வந்துவிட்டது. காஜா மைதீன் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்து நாலு வரி எழுதினார். சனிக்கிழமை தாயார் வந்து கூட்டிப்போகலாம்.

புத்தகம் அறுபத்திரண்டில் அச்சாகி வந்தது. கை அத்தியாயம் அதில் இல்லை. ஆனால் முன்னுரையில், 'இந்த ஊர்ப் பையன்களைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர்' என்று இருதயநாதன் பெயர் இருந்தது. பிரகாசத்தை விட்டு அந்த வரியை வாசிக்கச் சொல்லிச் சவேரியம்மாளுக்கு அர்த்தம் சொன்னார். ஒரு தடவை இல்லை. சவேரியம்மாளுக்கு அந்த இங்கிலீஷ் மனப்பாடமே ஆகிவிட்டது. இல்லத்தில் அக்குள் வித்தை போயே போயிற்று. கிள்ளல் கொஞ்சம் திரும்பி வந்தது. "வரட்டும், கிள்ளாம பையனா?" என்றார் மாஸ்டர். வீட்டிலும் பிள்ளைகள் கையை வீசிக்கொண்டு எதிர்ப்பேச்சுப் பேச ஆரம்பித்தார்கள். முதல் தடவை பிரகாசம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்பா, நீங்க சொல்றது தப்பு" என்றபோது அவருக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் வெளியே போய், பக்கத்து வீட்டுக்காரரிடம், "எம் பையன் நேரா நின்னு பேசுறான் சார்" என்று அதையும் ஒரு பெருமையாக்கிக்கொண்டார். அவரை மாற்ற முடியாது!

பின்னால் தங்கையன் தலையெடுத்தான். அறுபத்தாறில் திருவெறும்பூர்ப் பெரிய தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். முதல் மாதமே வீடு தேடி வந்து, சட்டை போட்ட புது ஆளாக மாஸ்டர் எதிரில் நின்றான். இதையெல்லாம் நாமாகக் கேட்டால்தான் மாஸ்டர் சொல்வார். தானாக அவர் சொல்வது எப்போதும் அந்தச் சனிக்கிழமையைத்தான்.

அன்றைக்குக் காலையில் பஸ் பிடித்துக் காளியாயி வந்தாள். கையில் ஒரு துணிப்பை, கொண்டையில் ஒரு கொத்து வேப்பிலை. சூப்பிரண்டைக் கும்பிட்டாள், மாஸ்டரைக் கும்பிட்டாள், காஜா மைதீனைக்கூடக் கும்பிட்டாள். காகிதத்தில் கைநாட்டு வைத்தாள். பையிலிருந்து ஒரு புதுச்சட்டையை எடுத்தாள். அளவு தெரியாமல் எடுத்தது, முட்டிக்குத் தொங்கியது. தங்கையன் கிணற்றடியிலிருந்து ஓடி வந்தான். ஓடி வந்தவன் இரண்டடி தள்ளி நின்றுவிட்டான். பழக்கத்தில் கை மார்புக்கு ஏறப் பார்த்தது.

"கட்டாதடா" என்றார் மாஸ்டர்.

காளியாயி மகனை மேலும் கீழும் பார்த்தாள். சட்டையை அவன் தலைவழியாக மாட்டிவிட்டாள். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். மடமடவென்று கண்ணீர் விட்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, "சட்டையா கேக்குது உனக்கு, சட்டை! ஏன், எங்கிட்ட கேட்டா என்னடா?" என்று ஒரு சத்தம் போட்டு, எட்டி அவன் காதைப் பிடித்தாள். பிடித்தவள் விடவே இல்லை. கேட்டைத் தாண்டி, வெயில் கொதிக்கிற ரோட்டில், பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். அவள் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை.

பையன் சாய்ந்து சாய்ந்து கூடவே போனான். இரண்டு கையாலும் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். விடுவித்துக்கொள்வதற்காகப் பிடித்த பிடி இல்லை அது.